சூடு நிற்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்

நினைவு மலர் என்றால் மறைந்தவரைப் பொறுமையின் சிகரம் என்று தொடங்குவார்கள். எங்கள் அண்ணன் அவர்களைப் பற்றி அப்படி எழுதினால், இதைக் கையில் வாங்கும் நீங்களே சிரித்துவிடுவீர்கள். அவர் எங்கள் பொறுமையைச் சோதித்தவர். ஓராண்டு ஆகியும் அந்த எரிச்சல் எனக்குத் தீரவில்லை. ஆகவே, தங்கையாகிய நான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டு, ஆரப்பாளையத்தில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து எங்களைக் கரையேற்றினார். பிறகு ஆனையூரில் வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தமாக மரக்கடை வைத்தார். கதவும் நிலையும் செய்து கொடுத்து நல்ல பெயர் எடுத்தார்.

அந்தப் பெயருக்குத்தான் கேடு வந்தது. திருநகரில் ஒரு புதுவீட்டுக்குச் செய்து கொடுத்த வாசல் கதவு, முதல் மழைக்காலத்திலேயே வளைந்து மூட முடியாமல் போயிற்று. மரத்துக்குள் ஈரம் இருந்திருக்கிறது. வீட்டுக்காரர் திட்டவில்லை. "இருக்கட்டும்ணே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அண்ணன் தூங்கியிருப்பார். மரம் உலர்த்த அனல் அறை கட்டியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்.

எங்கள் தாய்மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "மதுரையில வெயிலுக்கா பஞ்சம் மாப்ள? மொட்டை மாடியில போடு, அப்பளமா காஞ்சிரும்."

"மேலதான் மாமா காயும். உள்ள ஈரம் அப்படியே நிக்கும்" என்றார் அண்ணன்.

கட்டினார். இரட்டைச் செங்கல் சுவர், நடுவே சூடு வெளியேறாமல் இருக்கக் கண்ணாடிப் பஞ்சு, பஞ்சு நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள், அறையைச் சூடாக்க ஒரு விறகு அடுப்பு. அந்தத் தாளை எந்தப் பக்கம் கொடுப்பது என்று கொத்தனார் கேட்டார். "மழை வெளியேருந்துதானய்யா பெய்யும்? வெளிப்பக்கம் குடு" என்று அதட்டினார் அண்ணன். காலமெல்லாம் வெயிலையும் மழையையும் வீட்டுக்குள் விடாமல் தடுத்தே பழகியவர்கள் நாம். இந்த அறையில் ஈரம் உள்ளிருந்துதான் கிளம்பும் என்று யாருக்குமே தோன்றவில்லை. மரம் விட்ட ஆவியெல்லாம் உள்சுவர் வழியே பஞ்சில் ஏறி, வெளித் தாளைத் தாண்ட வழியில்லாமல் தங்க, பஞ்சு சொதசொதவென்று கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது. எரித்த விறகின் சூடெல்லாம் சுவர் வழியே கசிந்து ஆனையூருக்குப் போயிற்று.

உள்சுவரை இடித்தார். பஞ்சு அள்ளிய சட்டையை அண்ணி துவைக்க வைத்திருந்த துணிகளோடு போட்டார். கண்ணாடி இழை ஒட்டி வீடே சொறிந்துகொண்டது. தீபாவளிக்குப் போன நானும் சொறிந்தேன். சண்டைக்குப் போனால், "பவுடர் போடு, போயிரும்" என்றார். இவரை என்ன செய்வது?

இரண்டாம் முறை தாளை உட்பக்கம் கொடுத்து, அதன்மேல் அலுமினியத் தகடு அடித்தார். மரம் உள்ளுக்குள் வரை காய்ந்தது. திருநகருக்குப் புதுக் கதவும் போயிற்று. அப்போதாவது நிம்மதியாக இருந்தாரா? சூடு கசிகிறதா என்று பார்க்க வருகிறவர் போகிறவரையெல்லாம் வெளிச்சுவரில் கை வைக்கச் சொல்வார். "அடுப்பு அணைஞ்சா சூடு நிக்குமா, வடிஞ்சிருமா?" இதே கேள்விதான். பாதியில் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் மரம் பாழ் என்று அவருக்குப் பயம். ஒருநாள் அணைத்துத்தான் பாருங்களேன் என்றால் அடிக்க வருவார். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்ன நெஞ்சோடு விறகு தள்ளப் போவார். அப்படிப் போய் வந்த ஒரு காலையில், காபி ஆறுவதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

மகள் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் மறுநாள் எடுப்பதாக முடிவாயிற்று. அறை நிறைய வேங்கைப் பலகை இருந்தது.

"கேத வீட்டுல அடுப்பு எரியக் கூடாது ஆத்தா. அதுவும் அடுப்புதான" என்றார் மாமா.

அண்ணன் தலைமாட்டில் இருந்த அண்ணி நிமிர்ந்தார். "நெருப்பத்தான அணைக்கணும்? அணைங்க. கதவ மட்டும் யாரும் தொறந்துறாதீங்க. அவுக மரம் உள்ள கெடக்கு."

மறுநாள் அண்ணனை அனுப்பிவிட்டு வந்த பிறகு, அண்ணி என்னை அழைத்துக்கொண்டு பின்னால் போனார். மாமாவும் வந்தார். வெளிச்சுவர் குளிர்ந்து கிடந்தது. அண்ணி கதவை ஒரு விரற்கடை திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. காலையில் அண்ணன் பாதத்தைத் தொட்டுச் சில்லிட்டுப்போன என் கையை அந்த இடுக்கில் வைத்தேன். இதமாகச் சுட்டது. "இம்புட்டு நேரமா நிக்குது மாப்ள!" என்று மாமா ஓவென்று அழுதார். பலகை ஒன்றுகூடக் கெடவில்லை.

அண்ணனைச் சுமந்தவர்களுக்கும், வீட்டில் உலை வைக்காத நேரத்தில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், இரண்டு முறை சுவர் எழுப்பிய கொத்தனாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுப்பை அணைத்த மாமாவுக்கும் நன்றி. அணைத்ததால்தான் சூடு நிற்கும் என்று தெரிந்தது. தாம் உயிரோடிருந்தவரை அந்த அடுப்பை அணைய விடாத மனிதருக்குத்தான் அது கடைசிவரை தெரியாமலே போயிற்று.