கிளினிக் பெஞ்சில் வாசித்த புத்தகம்

சாட்சி என்றால் ஸ்தோத்திரத்தோடு தொடங்குவதுதான் நம் வழக்கம். நான் மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் கூலாயில் உள்ள எங்கள் சபையில், மைக் பிடித்து, ஆண்டவர் சுகம் கொடுத்தார் என்று ஒரு சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சாட்சி உண்மை இல்லை. அதனால் என் கணவருக்கு ஒரு கால் போய்விட்டது.

என் பெயர் கலா. ஞானஸ்நானம் எடுத்தபோது கிரேஸ் என்று வைத்தார்கள். சபையில் எல்லாருக்கும் நான் சிஸ்டர் கிரேஸ், வீட்டில் கலாதான். செனாயில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சரிபார்க்கும் வேலை. என் கணவர் மணியம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். நான் சபைக்கு வந்து நாலு வருடம் கழித்து, என் நச்சரிப்புத் தாங்காமல் அவரும் வந்தார். கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்காருவார். அவருக்கு வெகுநாளாக இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி. மாத்திரை, மாதாமாதம் கிளினிக், அங்கே நர்ஸிடம் திட்டு, இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று நாளும் தண்ணீர் மட்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது என்று நர்ஸ் எப்போதோ சொன்னதை வசதியாக நினைவில் வைத்துக்கொண்டு, மாத்திரையையும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் விரலில் குத்திப் பார்த்தோம். எப்போதும் பதினைந்து, பதினாறு என்று காட்டுகிற மெஷின், வியாதி இல்லாதவர்களுக்குக் காட்டுவதுபோல ஐந்து என்று காட்டியது.

நான் அழுதுவிட்டேன். சுகம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த மனுஷனுக்கு இனிப்பு இறங்காமல் வேறென்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு முன்னால் போய் நின்று, என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் இல்லை, மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். பாஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. நானாகச் செய்தேன். அந்த மெஷினையும் அலமாரியில் பூட்டி வைத்தேன். திரும்பக் குத்திப் பார்த்தால் அது அவிசுவாசம் என்று நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் போனது. வீட்டில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரிக்குப் பின்னால், அடுப்புக்கு அடியில் எல்லாம் தேடினேன். அவர் காலுறையைத் தானே துவைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு கைக்குட்டை துவைத்தவர் இல்லை. எனக்கு அதுவும் உறைக்கவில்லை. மனுஷன் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை, லாரி நிறுத்துகிற இடத்திலேயே குளிர் ஜுரத்தோடு விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வேலையிலிருந்து ஓடினேன். செம்பனை முள் குத்தி, உள்ளங்கால் முழுக்க அழுகியிருந்தது. மலாய்க்கார டாக்டர், சின்ன வயதுப் பெண், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை நாளாக மருந்து சாப்பிடவில்லை என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வராந்தாவில் முழங்காலில் நின்று, எடுக்க வேண்டாம் ஆண்டவரே, கடைசி நிமிஷத்தில் ஒரு அற்புதம் செய்யும் என்று கதறினேன். கால் போய்விட்டது.

மயக்கம் தெளிந்து மூன்றாம் நாள், ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"நீ அத்தன பேரு முன்னாடி மைக்ல சொல்லிட்ட கலா. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் போயி கால்ல புண்ணுன்னு சொன்னா, உன்ன என்ன நெனப்பாங்க? தானா ஆறிடும்னு பாத்தேன்."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் காலைக் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகு ஒரு மனைவி எப்படி இருப்பாள், நீங்களே யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் யமுனா, கால் எடுத்த அன்றைக்கே வந்திருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "சாமி மேல எனக்குக் கோவம் இல்லம்மா. உங்க மேலதான்" என்றாள். அதற்குப் பிறகு பல மாதம் அவரோடு மட்டும்தான் போனில் பேசினாள்.

சபையார் வந்தார்கள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள், ஜெபித்தார்கள். ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இன்னொருவர் உங்கள் விசுவாசம் நடுவில் தளர்ந்திருக்கும் என்றார். யாரிடமும் வாயைத் திறந்து நான் உண்மையைச் சொல்லவில்லை. அவருக்குச் சுகம் கிடைத்தது, பிறகு சோதனை வந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய்.

பிறகு ஜெபம் நின்றுபோனது. முழங்காலில் நிற்பேன், ஒரு வார்த்தை வராது. சபைக்குப் போவதை நிறுத்தினேன். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறும்போது, இது எங்காவது போய் மோதிக்கொண்டால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆண்டவர் இல்லை என்று நான் நினைக்கவில்லை. இருக்கிறார், என்னைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அது இன்னும் மோசம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் பிரித்துக் கட்ட அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். நான் மாலை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலை ஏழரைக்கு நம்பர் எடுத்தால் பத்தரை, பதினொன்றுக்குக் கூப்பிடுவார்கள். அவர் சக்கர நாற்காலியில், நான் பக்கத்துப் பெஞ்சில். பேச ஒன்றும் இல்லை. இனிப்பு நீரால் அவருக்குக் கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது, போன் பார்க்க முடியவில்லை. ஒரு நாள், "சும்மா செவுத்தயே பாத்துக்கிட்டு இருக்க முடியல கலா. ஏதாச்சும் படிச்சுக் காட்டேன்" என்றார்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நம் சபைகளில் ஞானஸ்நானம், கிறிஸ்மஸ், வீடு பிரதிஷ்டை எதுவாக இருந்தாலும் ஒரு கிறிஸ்தவப் புத்தகம் பரிசாகக் கொடுப்போம். வாங்குகிறவர் அதைக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பார். என் வீட்டிலும் பதினோரு புத்தகங்கள் நின்றன. ஒன்பதுக்குப் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. பதினோரு வருடம் விசுவாசியாக இருந்தவள் நான். பாட்டெல்லாம் தெரியும், கை தட்டத் தெரியும், மற்றவர்களுக்காகச் சத்தமாக ஜெபிக்கத் தெரியும். ஒரு புத்தகம் முழுதாக வாசித்ததில்லை. வேதத்திலும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்த ஒற்றை வசனங்கள்தான் எனக்குப் பழக்கம். அந்தப் பதினொன்றில் ஆக ஒல்லியானதாகப் பார்த்து எடுத்துப் பைக்குள் போட்டேன்.

அது ஜெபத்தைப் பற்றிய புத்தகம். எழுதியவர் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ஊழியம் செய்தவர். பழைய காலத்துத் தமிழ். நான் லாபிஸ் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி, பிறகு மலாயில்தான் படித்தேன். பாதி வார்த்தை பிடிபடவில்லை. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. பெஞ்சில் இருந்த சீனக் கிழவர் ஒருவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். என் கணவரோ ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "அப்படின்னா?" என்று கேட்பார். தெரியாததைப் பென்சிலால் கோடு போட்டு வைத்து, பாஸ்டருக்குப் போன் செய்து கேட்டேன். மூன்று மாதமாகச் சபைக்கு வராதவள் அர்த்தம் கேட்டுப் போன் செய்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார்.

நாலாவது அதிகாரத்தில் அந்த ஊழியர் தன் மகனைப் பற்றி எழுதியிருந்தார். பையனுக்கு மூளைக் காய்ச்சல். பிழைப்பான் என்று பிரசங்க மேடையில் நின்று ஊருக்கே சொல்லிவிட்டாராம். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாராம். பையன் இறந்துவிட்டான். நடுக்கத்தை ஆண்டவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அதற்குப் பதிலாக ஜனங்களுக்கு முன்பாகத் தைரியசாலி வேஷம் போட்டேன், அந்த நாட்களில் நான் ஜெபிக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். விசுவாசம் என்பது நடக்காததை நடந்ததாகச் சொல்வதல்ல, நடந்ததை மறைக்காமல் ஆண்டவர் முன்னால் கொண்டுபோய் வைப்பது என்று அவர் விளக்கியிருந்தார். கிளினிக் என்றும் பார்க்காமல் அழுதேன். என் கணவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து, சோறு வடிக்கப் போகும் முன், அடுப்படியில் நின்றபடியே ஜெபித்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் ஜெபம். ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். அவர் எனக்காக மறைத்தார். இனி இந்த வீட்டில் எதுவும் மறைந்திருக்க வேண்டாம். இவ்வளவுதான். சுகம் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. உடனே மனதில் சமாதானம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. சோறு குழைந்துபோனது, அவ்வளவுதான்.

ஒன்பது நாள் கழித்து அதே பெஞ்சில் ஏழாவது அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவர், "கலா, நிறுத்து" என்றார். வார்த்தைக்கு அர்த்தம் கேட்கப் போகிறார் என்று பென்சிலை எடுத்தேன். அவர் குனிந்து, மிச்சமிருந்த காலின் சப்பாத்தைக் கழற்றினார். பிறகு காலுறை. சுண்டு விரலுக்கு அடியில் கருநீலமாக ஒரு புண்.

"ரெண்டு வாரமாச்சு," என்றார். "உன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னு வச்சிருந்தேன். இனிமே முடியல. பயமா இருக்கு."

நான் கத்தவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்ததே கிளினிக்கில், நம்பர் சீட்டு என் கையிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் புகுந்துவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் ஏசினார்கள். ஏசட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினொரு நாள். சுண்டு விரலை எடுத்தார்கள், பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இந்தக் காலும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

இதுதான் எனக்குக் கிடைத்த ஜெபத்தின் பதில். ஒரு விரல் போய், ஒரு பாதம் மிஞ்சியது. போன கால் வளரவில்லை. இனிப்பு நீர் அப்படியே இருக்கிறது. ஆனால் எதுவும் மறைந்திருக்க வேண்டாம் என்று கேட்டேன், ஒன்பதாம் நாள் அவர் தன் கையாலேயே கழற்றிக் காட்டினார். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது அவர் சுபாவமே இல்லை. அதை நான் கர்த்தருடைய செயல் என்றுதான் சொல்வேன்.

அவர் வீடு திரும்பிய வாரம் பாஸ்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, சபை முன்னால் பேச வேண்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "சிஸ்டர், மத்தவங்க விசுவாசம் ஆட்டம் கண்டுருமே" என்றார். நான் அந்தப் புத்தகத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "வர்ற ஞாயிறு பேசுங்க. அன்னைக்கு விசாரிக்காம கை தட்டுனதுல நானும் ஒருத்தன்" என்றார்.

பேசினேன். உபவாசம், மெஷின், குப்பையில் போட்ட மாத்திரை, அவர் மறைத்த புண், ஒன்றையும் விடவில்லை. முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. அல்லேலூயா சத்தமும் இல்லை. கடைசி வரிசையில் என் கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் இடறப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து, நானும் ஆராதனை முடிகிற வரை நிமிரவில்லை.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் ராணி அக்கா வந்தார். ஞாயிறு பள்ளிக்குப் பலகாரம் செய்துகொண்டு வருகிறவர், எனக்கு மூத்தவர்.

"கிரேஸ், அன்னைக்கு உன் சாட்சியக் கேட்டுட்டுத்தான் நானும் பிரஷர் மாத்திரைய நிறுத்துனேன். தல சுத்துது, யாருகிட்டயும் சொல்லல. சொன்னா விசுவாசம் இல்லன்னு நெனப்பாங்கன்னு..."

என் ஒரு பொய் இன்னும் எத்தனை வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அக்காவை நானே கிளினிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் நன்றாகத் திட்டினார். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டோம்.

அன்பானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாராவது அப்படி மாத்திரையை நிறுத்தியிருந்தால், தயவுசெய்து டாக்டரைப் பார்த்து மறுபடியும் சாப்பிடத் தொடங்குங்கள். வீட்டில் இருக்கிற ஒரு புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கமாவது, புரியாவிட்டாலும், பக்கத்தில் இருக்கிறவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எனக்கு முன்னால் இந்த வழியில் விழுந்து எழுந்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பதினோரு வருடம் நான் அதைக் கேட்கவில்லை. இப்போது மூன்றாவது புத்தகத்தில் இருக்கிறோம். வேதத்தையும் ஒற்றை வசனமாக இல்லாமல் அதிகாரம் அதிகாரமாக வாசிக்கப் பழகுகிறோம். யமுனா போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள், அப்பாவின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி. அவ்வளவுதான் கேட்டாள். அனுப்பினேன்.

நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. கண் பார்வை இன்னும் குறைந்திருக்கிறது. தினமும் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை என் மடியில் தூக்கி வைக்கிறார். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன். பார்த்ததை அப்படியே அவரிடம் சொல்கிறேன். அதற்குப் பிறகு கண்ணை மூடி ஜெபிக்கிறோம்.