வலப்பக்கத்தில் இருந்தவரின் ஜெபம்

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடம் முழுவதும் ‘பாச்சை உருண்டை’ மணக்கும். இரும்புப் பெட்டியில் அந்த உருண்டைகளோடு மடித்து வைத்திருக்கும் நீலப் பட்டை ஜமக்காளத்தை வாரம் ஒருமுறை, சபையாரின் வீட்டு ஜெபக் கூட்டத்துக்காக மட்டுமே, அம்மா எடுத்து விரிப்பார். ஆறரை மணிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதன்மேல் வட்டமாக அமர்ந்துவிடுவார்கள்.

அந்த வட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொருவரும் முதலில் ஒரு ‘ஸ்தோத்திரம்’, அதாவது பெற்ற நன்மை ஒன்றுக்கு நன்றி, சொல்ல வேண்டும், பிறகு ‘ஜெபக் குறிப்பாக’த் தமக்குள்ள குறை ஒன்றைச் சொல்ல வேண்டும், வலப்பக்கத்தில் இருப்பவர் அந்தக் குறைக்காக உடனே வாய்விட்டு ஜெபிப்பார். தமக்காகத் தாமே ஜெபித்துக்கொள்ள அங்கே இடமில்லை. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்த ரூத்தம்மா, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தவர், எதையும் மறைத்ததில்லை. “நேத்தும் எம் புருசன் குடிச்சிட்டு வந்து பானைய ஒடச்சிட்டாரு. கர்த்தர் அவர் கைய கட்டணும். இல்லாங்காட்டி நானே கட்டிப் போட்டுடுவேன்!” என்பார், கூடமே சிரிக்கும், சிரித்து ஓய்ந்ததும் அந்த மனிதருக்காக உண்மையாகவே ஜெபிக்கும்.

என் தந்தையார் வங்கி அதிகாரி, சபையின் செயலாளர். அவருடைய முறை வரும்போது, “எங்களுக்குக் குறிப்பு ஒண்ணுமில்ல; ஸ்தோத்திரம் மட்டும்தான்” என்பார். அதை எங்கள் குடும்பத்தின் தகுதியாகவே நான் கருதியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டில், கல்லூரித் தேர்வில் இரண்டு தாள்களில் தவறிய அண்ணன் தானியேலை அப்பா வாசலில், அக்கம்பக்கத்தார் பார்க்க அறைந்தார். அன்று ஒரு ரெக்சின் பையோடு வெளியேறிய அண்ணன் திரும்பவில்லை. ஐந்து மாதமாகக் கடிதமும் இல்லை. கூட்டத்திலோ அப்பா, “பெங்களூர்ல படிக்கிற மூத்த மகனைக் கர்த்தர் காத்து வர்றதுக்காக ஸ்தோத்திரம்” என்றார். எல்லாரும் “ஆமென்” என்றார்கள். அம்மா ஜமக்காளத்தின் பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, சுக்குக் காப்பிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்த அம்மா என்னை அடுப்படிக்கு அழைத்தார். “நீயாவது இன்னைக்கு அண்ணனப் பத்திச் சொல்லேன்டி. சின்னப் பொண்ணு சொன்னா அப்பாவால எல்லார் முன்னாடியும் தடுக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டா கர்த்தர் அவனை அனுப்பி வெப்பாரு.” நான் தலையசைத்தேன்.

என் முறை வந்தது. வலப்பக்கத்தில் ரூத்தம்மா, எதிரில் அப்பா. அவர் என்னை அதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

“கணக்குப் பரீட்சைக்காக” என்றேன்.

ரூத்தம்மா என் தலையில் கைவைத்து, அந்த அரையாண்டுப் பரீட்சைக்காகக் குரல் கம்மும்வரை ஜெபித்தார். அவர் முடிக்குமுன்பே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தபின் குழாயடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த ரூத்தம்மா குரலைத் தாழ்த்தினார். “பாப்பா, உங்க அண்ணன் பெங்களூர்ல இல்லேன்னு எனுக்குத் தெரியும். யாராண்டயும் சொல்லல. தெனம் காலைல தானியேலு பேரச் சொல்லித்தான் முழங்கால் போட்டுக்கினு கீறேன்.”

“எங்க அண்ணன் பெங்களூர்லதான் படிக்கிறார்” என்றேன், அப்பாவின் அதே நிதானத்தோடு.

“சரி பாப்பா” என்று அவர் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார்.

கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினேன். அதற்கும் அப்பா ஸ்தோத்திரம் சொன்னார். அண்ணன் வரவேயில்லை.

அப்பாவும் அம்மாவும் இன்று இல்லை. ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே குடியேற்றினார்கள். ரூத்தம்மா போன இடம் சபையில் எவருக்கும் தெரியவில்லை, நானும் உரிய காலத்தில் விசாரிக்கவில்லை. ஜெபக் குறிப்புகள் இப்போது கைப்பேசியில் வருகின்றன. பதிலுக்குக் கூப்பிய கைகளின் படங்கள் வரிசையாக விழுகின்றன. வலப்பக்கம் என்று ஒன்று அதில் இல்லை. ஜமக்காளம் பரணில் கிடக்கிறது. சபைக் குழுவில் இருக்கும் என்னிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, “எல்லாரும் நலம், ஸ்தோத்திரம்” என்றே இத்தனை ஆண்டுகளும் சொல்லிவந்திருக்கிறேன்.

அண்ணனின் பெயரைச் சொல்லி முழங்காலிட எங்கள் சபையில் ஒருவர் இருந்தார். அவருடைய பெயரைச் சொல்லி நன்றி செலுத்த, அந்த வட்டத்தில் என் முறை எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் வந்தது. ஒருநாளும் நான் சொல்லவில்லை.