தப்பைத் தன் பேரில் எழுதிக்கொண்ட சண்முகவடிவு

"ஏ.இ. மேடம் போயிட்டாங்களாம் அண்ணாச்சி" என்று பக்கத்து லாட்ஜ் மேலாளர் போனில் சொன்னபோது, "எங்கன? மறுபடியும் டிரான்ஸ்பரா?" என்று கேட்டேன். அவர் விவரத்தைச் சொன்னார். எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஆலங்குளம் அலுவலகத்தில் மயங்கி விழுந்தவர் எழவே இல்லையாம். உதவிப் பொறியாளர் சண்முகவடிவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் எங்களுக்கு அவர் 'பசுமைக் கூரை மேடம்'. தொட்டிச் செடி வேறு, இது வேறு. மொட்டைமாடி முழுக்க நீர் இறங்காத விரிப்பு போட்டு, மேலே கொஞ்சம் மண் பரப்பி, புல்லும் படர்செடியும் வளர்ப்பது. கட்டடங்களின் சூட்டைக் குறைக்கும் அரசுத் திட்டம் அது; விரிப்பு, மண், மேற்பார்வை எல்லாம் அவருடைய தென்காசி அலுவலகத்தின் பொறுப்பு. மாடியும் தண்ணீரும் பராமரிப்பும் எங்கள் பொறுப்பு. முதல் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். "சாரல் அடிக்கிற ஊர்ல கூரைக்கு எதுக்கு மேடம் புல்லு?" என்று கேட்டவன் நான்தான்.

"சாரல் மூணு மாசம் அண்ணாச்சி. சித்திரையில உங்க மேல்மாடி ரூம்ல யாரு படுக்கா?" என்றார். சிரிப்பு நின்றது. "மாடி உங்களுது. அது கக்குத சூடு தெருவுக்கே பொது. அதான் ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணுங்கேன்."

முதல் கூரை என்னுடையது. விரிப்பு போட்டதும் இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்தார். இரண்டு நாளும் தென்காசியிலிருந்து வந்து, கீழ் அறைகளில் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. அந்தக் கோடையில் மேல்மாடி அறைகள் நிறைந்தன. இன்னும் ஏழெட்டு முதலாளிகள் பெயர் கொடுத்தார்கள்.

பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். புது ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்கு ஸ்டாண்டு வைக்க, மண்ணை விலக்கித் தளத்தில் நாலு போல்ட் அடிக்கச் சொன்னேன். விரிப்பு கிழியும் என்று தோன்றவில்லையா, தோன்றியும் விட்டேனா, இப்போது எனக்கே தெரியவில்லை. மேடத்திடம் சொல்லவில்லை. ஆனிச் சாரலில் அறை ஒழுகியது. தங்கியிருந்த குடும்பத்தின் பெட்டியெல்லாம் நனைந்து பெரிய சண்டை. பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

விசாரணைக் கூட்டத்தன்று காலை அவர் மாடிக்கு வந்தார். ஸ்டாண்டின் காலருகே குனிந்து மண்ணைக் கிளறினார். போல்ட்டைப் பார்த்தாரா? அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கிளறிய மண்ணை மறுபடி மூடி, கையைத் தட்டிக்கொண்டு, "வாங்க அண்ணாச்சி, நேரமாச்சு" என்றார்.

கூட்டத்தில் அதிகாரிகள் முன்னால் எழுந்து நின்று, "தப்பு எங்க பக்கம். விரிப்பு ஒட்டுத இடத்த நான் சரியாப் பாக்கல" என்றார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திட்டம் நின்றது. அவரை ஆலங்குளத்துக்கு மாற்றினார்கள்.

என்னைக் காப்பாற்ற நினைத்தாரா? முதலாளிகள் மேல் பழி போட்டால் ஒருவரும் சேர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாரா? இல்லை, உண்மையிலேயே தன் வேலையைத்தான் சந்தேகித்தாரா? பிறகு ஒருமுறை ஆய்க்குடிக் கோயிலில் பார்த்தபோது, "புல்லு நல்லாருக்கா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். நல்லாருக்கு என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

நேற்று செங்கோட்டையில் துக்கம் கேட்கப் போனேன். அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க லாட்ஜப் பத்தி ரொம்ப சொல்லுவா" என்றார். என்ன சொல்வார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, அன்று கூட்டத்தில் அவர் சொன்ன வாக்கியம். அது நான் சொல்லியிருக்க வேண்டியது. இதைப் படிக்கிற, அவரை அறிந்தவர்களே, ஒழுகியது நான் அடித்த போல்ட்டால்தான். இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் இருக்கும்போது ஏன் சொல்லாமல் போனேன் என்று யோசிக்கிறேன். புரியவில்லை.