தம்பியின் அடிபம்பும் என் சொற்பொழிவும்

போன ஞாயிறு சர்ச்சில், அத்தனை கூட்டத்துக்கு முன்னால், என் தம்பி ஜெபராஜ் என் மானத்தை வாங்கினான். அதே ஞாயிறு, அதே சர்ச்சில், அவனை நினைத்து எனக்குப் பெருமையும் தாங்கவில்லை. கோபமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தால் உங்களுக்கு என்ன ஆகும்? எனக்கு மூக்கு ஒழுகும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் கிறிஸ்தவப் பெண். ‘உங்களுக்கு ஸ்ரீரங்கத்துல என்னம்மா வேலை?’ என்று கேட்டுக் கேட்டுப் பழைய வாசகர்கள் அலுத்துவிட்டார்கள். வாடகைக்கு வந்தோம், காபி நன்றாக இருந்தது, தங்கிவிட்டோம். சர்ச்சுக்கு மட்டும் வாராவாரம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி ஜங்ஷன் பக்கம் போகிறேன்.

தம்பி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பதினெட்டு வருஷம் ஃபிட்டர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டான். அவனைத்தான் எங்கள் சபை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டுக்கு மிஷனரியாக அனுப்பியது. பிரசங்கம் செய்ய இல்லை — கிராமங்களில் பழுதாகிக் கிடக்கும் அடிபம்புகளைச் சரிசெய்ய. கூடவே மனைவி பியூலா, பத்து வயது மகள் ஷரோன்.

மிஷனரி குடும்பம் என்றால் நமக்குக் கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரத் துரைதானே ஞாபகம் வரும்? இவர்கள் மிளகாய்ப்பொடி, பிரஷர் குக்கர், ஒரு முழு ஸ்பேனர் செட் சகிதம் ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். பெட்டி ஏன் இவ்வளவு கனம் என்று கவுண்டரில் கேட்டதற்கு, “ஊழியம்ங்க” என்றானாம் என் தம்பி.

போன புதிதில் பியூலா போனில் அழுவாள். வேளைக்கு வேளை சோளமாவுக் களி, இட்லிக்கு உளுந்து கிடையாது, வாளி தூக்கித் தூக்கித் தோள் வலி. ஷரோன் மட்டும் மூன்றே மாதத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அந்த ஊர்ப் பாஷையில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். சண்டை போட வந்துவிட்டால் பாஷை வந்துவிட்டது என்று அர்த்தம், இல்லையா?

தம்பி அழவில்லை. அவனுக்குத்தான் வேலை இருந்ததே. முதல் கிராமத்துப் பம்பை இரண்டு மணி நேரத்தில் சரிசெய்தான். தண்ணீர் கொட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டான். பட்டறைப் பழக்கம் — வேலை முடிந்தால் கிளம்பு, பேச்சு எதற்கு?

ஒரு வாரம் கழித்து அந்த வழியே போனால்... பம்பைச் சீந்த ஆள் இல்லை. பெண்கள் வாளியோடு அதைத் தாண்டி, தூரத்து ஓடைக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

தன் வேலையில்தான் கோளாறு என்று நினைத்தான் பாவம். திரும்பவும் கழற்றினான், மாட்டினான், வாஷரை மாற்றினான். தண்ணீர் வருகிறது, பிடிக்கத்தான் ஆள் இல்லை. அடுத்த இரண்டு ஊரிலும் இதே கதை. அன்றைக்கு எனக்குப் போன் செய்தான்.

“அக்கா, நான் எதுக்கும் லாயக்கில்லக்கா. ஊருக்கு டிக்கெட் போடப் போறேன்.”

பட்டறையில் அவன் கை பட்டு ஓடாத மெஷின் கிடையாது. அப்படிப்பட்டவன் குரல் அப்படிக் கேட்டதில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

காப்பாற்றியது பியூலா. மறுநாளே வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்களோடு ஓடைக்கு நடந்தாள். மகள்தான் மொழிபெயர்ப்பு. நாலு நாள் நடந்துவிட்டு, ஐந்தாம் நாள் புருஷனைப் பிடித்தாளாம்.

“அந்தப் பம்பைப் பாத்துக்கறது பொம்பளைங்க குழுவுங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? உக்காந்து, நல்லா இருக்கீங்களான்னு விசாரிச்சீங்களா? யாரோ ஒரு ஆளு வந்து கழட்டி மாட்டிட்டுப் போறான், நாளைக்குப் பம்பே என்னோடது, பிடிச்ச தண்ணிக்குக் காசு குடுன்னு வந்து நிப்பானோன்னு பயப்படுறாங்க. நம்ம தெருக் குழாயை ஒருத்தன் கேக்காம கழட்டினா நான் சும்மா விடுவேனா?”

விடமாட்டாள். குழாயடியில் வரிசை போட்டு வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாதா, தண்ணீர் யார் ராஜ்ஜியம் என்று?

தம்பி போய் அவர்கள் முன்னால் பாயில் உட்கார்ந்தான். பேச வராதவன், ஊர்க்கதை முழுவதும் கேட்டான், மன்னிப்பும் கேட்டான். எல்லாம் முடிந்ததும் குழுத் தலைவி அவன் ஸ்பேனரைக் காட்டிக் கையை நீட்டினாராம், “அதை எங்ககிட்டயும் குடு, சொல்லிக்கொடு” என்று. ஸ்பேனர் கை மாறியது. டிக்கெட் போடவில்லை.

இனி போன ஞாயிறு. விடுமுறையில் வரும் மிஷனரி சபைக்கு முன் நின்று அறிக்கை சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான், இன்னும் மூன்று வருஷம் அனுப்புவதா, போதும் என்று நிறுத்துவதா என்று கமிட்டி முடிவு செய்யும். தம்பிக்கும் பியூலாவுக்கும் திரும்பிப் போக அவ்வளவு ஆசை. ஆனால் மைக் முன்னால் இவன் என்ன பேசுவான்?

அக்கா எதற்கு இருக்கிறேன்? இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு சொற்பொழிவு எழுதிக் கொடுத்தேன். ‘வறண்ட தொண்டைகளின் தாகம் தீர்த்த எளியவன் நான்...’ என்று ஆரம்பம். படித்துப் பார்த்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மைக் முன்னால் போனான். தாளைப் பிரித்தான். பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டான்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க நல்லா இருக்கோம்.”

அவ்வளவுதான் பேச்சு. யாரோ இருமினார்கள்.

கமிட்டித் தலைவர் தேவநேசன் ஐயா ரிட்டயர்டு இன்ஜினியர். சும்மா விடுவாரா?

“தம்பி, முதல் வருஷம் எத்தனை பம்பு சரி பண்ணுனீங்க?”

“நாப்பதுங்க ஐயா.”

“அடுத்த வருஷம்?”

“பதினொண்ணுங்க.”

“இந்த வருஷம்?”

“ஒண்ணுகூட இல்லைங்க.”

ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கத்தினேன். பொய் சொல்லத்தான் சொன்னேன் — ஆமாம், சர்ச்சில் உட்கார்ந்துகொண்டுதான்.

“ஏன், பம்பு எதுவும் கெட்டே போகலையா?”

“கெட்டுதுங்க, நிறைய தடவை. அந்த அம்மாங்களே பாத்துக்கிட்டாங்க. என்னைக் கூப்பிடவே இல்லைங்க.”

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “போருக்குள்ள இருக்கிற அவ்வளவு நீளப் பைப்பை எப்படிப்பா மேல தூக்குறாங்க?” கமிட்டித் தலைவர் போய், உள்ளே இருந்த இன்ஜினியர் வெளியே வந்துவிட்டார்.

என் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே. சட்டைப் பையிலிருந்து என் சொற்பொழிவை எடுத்தான். திருப்பினான். பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தான். இது பைப், இது ராடு, இந்த இடத்துல மூணு பேர் பிடிப்பாங்க, ஒருத்தங்க பாட்டு எடுத்துக்குடுப்பாங்க, பாட்டு முடியறதுக்குள்ள பைப்பு மேல வந்துரும்... ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் சொன்னான். நாலு வார்த்தை பேசாதவன் கால் மணி நேரம் பேசினான். பின்வரிசைக்காரர்கள் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள்.

“அப்ப அங்க உங்களுக்கு இனி வேலை இல்லையே தம்பி?” என்றார் ஐயா மெதுவாக.

“இல்லைங்க ஐயா. வடக்க இன்னொரு ஜில்லாவுல கூப்பிடுறாங்க. சொல்லிக்கொடுக்க இந்த அம்மாங்கள்ல ரெண்டு பேர் கூட வரோம்னாங்க. அனுப்புனீங்கன்னா போறோம்.”

ஐயா கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார். எல்லார் கையும் ஏற்கெனவே மேலே இருந்தது. எங்கள் சபையில் கைதட்டும் வழக்கம் கிடையாது. அன்று தட்டினார்கள். பியூலா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்கிறவர்களைத்தான் வீட்டிலும் ஆபீஸிலும் தினமும் பார்க்கிறோம். நானே அப்படித்தான், என் சமையலறையைக் கேட்டால் சொல்லும். நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? என் தம்பியால் முடியும். என் கூடப்பிறந்தவன்.

வெளியே வந்ததும் கேட்டேன், “என் பேச்சு எங்கடா?”

“ஐயா கேட்டு வாங்கிட்டாருக்கா. ஃபிரேம் போட்டு கமிட்டி ரூம்ல மாட்டப் போறாராம்.”

எந்தப் பக்கம் வெளியே தெரியும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.