தவராசா கேட்கச் சொன்ன பெயர்

தவராசா மாரடைப்பினால் இறந்தார் என்பதைத் திடீர் மரண விசாரணை அதிகாரி நேற்றுப் பின்னேரம் உறுதிப்படுத்தினார். அவருடைய அறை வாசலில் நின்று அவர் வாயாலேயே கேட்டேன். இறந்த இடம் "வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழி" என்று பதியப்பட்டிருக்கிறது. கிண்ணியாத் துறையடியில் அவர் காத்திருக்க வைக்கப்பட்டதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். "அதைப் பற்றி எனக்கு முன்னால ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மரணச் செய்தி எனக்கு ரமீஸாவிடமிருந்து வந்தது. ரமீஸா கிண்ணியாவில் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றின் முகாமையாளர், தவராசாவிடம் பயின்றவர். பத்திரிகைக் கந்தோர்த் தொலைபேசியை எடுத்தபோது மறுபக்கத்தில் காற்று இரைந்தது. "சேர் மௌத்தாகிட்டார்" என்றார். எப்படி என்று கேட்டேன். "பாதை விடேல்ல." ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். அது விடப்படாத நாட்கள் நமக்குப் புதிதல்ல. ஆனால் அன்று புயலும் இல்லை, சண்டையும் இல்லை.

தவராசாவை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். அவருடைய தொழிலுக்கு நம்மிடம் சரியான பெயர் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த நிறுவனங்கள் அவரை "ஆளுமை விருத்தி வளவாளர்" என்று பதாகையில் எழுதின. அவருக்கு அது பிடிக்காது. "வளம் எல்லாம் உங்களிட்டத்தான் இருக்கு. நான் சும்மா பக்கத்தில இருக்கிற ஆள்" என்பார். அதற்கு முன் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் நெடுங்காலம் இருந்தவர். சண்டை வந்து கப்பல்கள் குறைந்ததும் அந்தக் கந்தோரை மூடினார்கள். துறைமுக வீதியில் சைக்கிள் கடையொன்றுக்கு மேலே ஓர் அறை எடுத்தார். ஒரு மேசை, இரண்டு கதிரை. வேலை தேடுபவர்கள், வேலையில் இருந்துகொண்டு வாய் திறக்க முடியாதவர்கள், பதவி உயர்வு கிடைத்துப் பயந்துபோனவர்கள் எல்லோரும் அந்தப் படியேறினார்கள்.

ரமீஸா முதல்முறை வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். தவராசாவைப் பற்றிச் செய்திக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். தவராசா நேர்முகத் தேர்வு நடத்துபவர்போல மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து இருந்தார். "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்றார். ரமீஸா கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "ரமீஸா. கிண்ணியா. இங்கால ஒரு அலுவலா வந்த. பின்னேரப் பாதையில திரும்பிப் போறன்."

தவராசா அட்டையைத் தொடவில்லை. "ஆர் பிள்ளை உங்களிட்ட கார்ட் கேட்டது?"

ரமீஸா அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அல்லாஹ்! பேக்கையும் திறந்து காட்டப் பாத்தன் சேர்."

"காட்டியிருந்தா வேலை கிடைச்சிருக்கும். சென்றியில." அவரும் சிரித்தார்.

அந்தப் பழக்கத்தை அவர் நம் ஊர் முழுவதிலும் கண்டிருந்தார். பெயர், ஊர், எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய். சென்றி என்கிற காவலரணில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்களையே நம்மவர்கள் நேர்முகத் தேர்விலும், வங்கியிலும், வைத்தியரிடமும் சொன்னார்கள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் ஆபத்து என்று உடம்பே படித்து வைத்திருந்தது. கப்பல் கந்தோர் மேசையில் இருந்தபோது, கெட்டிக்காரர்கள் இப்படியே வாயடைத்து வேலையை இழந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாகச் சொன்னார்.

கட்டுரைக்குப் போன நான் அவரிடமே மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் பத்திரிகை என்னை மாவட்ட நிருபர்களுக்குப் பொறுப்பாக்கியிருந்தது. நாங்கள் அனுப்பிய செய்திகளில் பாதி கொழும்பில் காணாமல் போனது. அதைப் பற்றி ஆசிரியரோடு கதைக்க வேண்டும் என்று தவராசாவிடம் சொன்னேன். அவர் எழும்பி நின்று என்னை மேசைக்குப் பின்னால் இருக்கச் சொன்னார். "இப்ப நீங்கள் ஆசிரியர். நான் நீங்கள்." என் செய்தியை என்னிடமே நீட்டி, என்னைப்போலவே தொண்டையைச் செருமி, என்னைப்போலவே சுற்றி வளைத்துக் கதைத்தார். நான் ஆசிரியராக இருந்து என் செய்தியையே வெட்டிவிட்டேன்.

"பாத்தீங்களா? நீங்கள் அனுமதி கேக்கிறீங்கள். அனுமதி கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவினம். போடுங்கோ எண்டு கேளுங்கோ. போடேல்லையெண்டா, வேண்டாம் எண்டு சொன்னது ஆர் எண்டு கேளுங்கோ. ஆள் தெரியாத முடிவோட கதைக்க ஏலாது."

கேட்டேன். எல்லாச் செய்தியும் வரவில்லை. ஆனால் யார் வெட்டினார் என்பது அதன் பிறகு எனக்குத் தெரிந்தது. வெட்டுபவருக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரிந்தது.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் நேர்மறைச் சிந்தனை பற்றி ஒரு நாள் வகுப்பு எடுக்கும்படி ஒரு நிறுவனத்தார் வந்து கேட்டார்கள். மழைக்காலம். முகாமைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர்களிடம் சொன்னார்: "கூடாரத்துக்குள்ள தண்ணி நிக்குது. அதில நிக்கிற சனத்துக்கு மனசை நேராக்கு எண்டு சொல்ல என்னால ஏலாது. முதல்ல தண்ணிக்கு வாய்க்கால் வெட்டுங்கோ. மனசைப் பற்றிப் பிறகு கதைப்பம்." அவர்கள் வேறொருவரைப் பிடித்து வகுப்பை நடத்தினார்கள். படமும் எடுத்தார்கள்.

ஒரு விடயத்தில் நானும் அவரும் ஒத்துப்போனதில்லை. அரச உத்தியோகத்தர்களுக்கும் அவர் பயிற்சி கொடுத்தார். நம்மை வெயிலில் நிறுத்தி வைப்பவர்களுக்கு ஏன் என்று சண்டை பிடித்தேன். "மேசைக்கு அங்கால இருக்கிறவனுக்கும் பயம்தான் தம்பி. மேல இருந்து ஆரும் ஏசுவினம் எண்ட பயம். அதைக் கொஞ்சம் குறைச்சா இங்கால நிக்கிற ஆளுக்கு லேசு" என்றார். நான் ஏற்கவில்லை. இப்போது ஏற்கவே மாட்டேன்.

ஏனென்றால், அன்று கிண்ணியாத் துறையடியில் பொறுப்பாக இருந்தவர் அந்த வகுப்புகளில் இருந்து சான்றிதழ் பெற்றவர்.

நடந்ததை ரமீஸா சொன்னபடி எழுதுகிறேன். தவராசா அன்று காலை கிண்ணியாவில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார். பாடசாலை இடைவேளை மணி அடித்த நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டார். பார்த்த வைத்தியர் உடனே பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வான் வண்டியில் ஏற்றித் துறையடிக்கு வந்தார்கள். பாதை பட்டணப் பக்கம், இக்கரையில் கட்டப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் துறைமுகத்துக்கு வந்திருந்தார். அவர் திரும்பும்வரை தண்ணீரில் எதுவும் அசையக்கூடாது என்று உத்தரவு.

துறையடிப் பொறுப்பாளர் தவராசாவைக் கண்டதும் ஓடிவந்தார். தன் கதிரையைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். தண்ணீர் கொடுத்தார். "சேர், கொஞ்சம் பொறுங்கோ சேர். ஓடர் வரேல்லை சேர்." ஒவ்வொரு முறையும் சேர். விசிறி எடுத்து விசிறியும் விட்டாராம். கையிலிருந்த வயர்லெஸ்ஸில் மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ரமீஸா சத்தம் போட்டார். கூடி நின்றவர்களும் சத்தம் போட்டார்கள். தவராசா ரமீஸாவின் கையைப் பிடித்து இழுத்தார். "கத்தாதேங்கோ பிள்ளை. ஆற்ற ஓடர் எண்டு கேளுங்கோ."

யாருடைய உத்தரவு என்று ரமீஸா கேட்டார். பொறுப்பாளர் கடலைப் பார்த்தார். ரமீஸா இரண்டாம் முறை கேட்டார். அப்போது அவர் ஒரு பெயரைச் சொன்னார். பதவியையும் சொன்னார்.

"அப்ப அவரைக் கூப்பிடுங்க. நான் கதைக்கிறன்."

"அது ஏலாது தங்கச்சி."

நண்பகல் கடந்து, ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் பாதை வந்தது. தவராசா நடுக்கடலில் இறந்தார்.

இதைத்தான் "வழி" என்று பதிந்திருக்கிறார்கள். காத்திருக்க வைத்ததற்குக் காரணம் பாதுகாப்பு என்கிறார்கள். நெஞ்சு நோவோடு வந்த ஒரு கிழவனிடமிருந்து யாருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டேன். தொலைபேசியில் ஓர் உத்தியோகத்தர், "இந்த நிலைமையில இதெல்லாம் சகஜம்தானே" என்றார். சகஜம். இந்தச் சொல்லை நான் எத்தனையோ மரண வீடுகளில் கேட்டுவிட்டேன். கொன்றவர்கள் சொல்லும்போதுகூட இவ்வளவு எரிந்ததில்லை. ஒரு படகின் கயிற்றை அவிழ்க்காதவர்கள் சொல்கிறார்கள்.

செத்த வீட்டுக்கு அந்தப் பொறுப்பாளர் மலர் வளையத்தோடு வந்தார். தவராசாவின் மனைவி மகேஸ்வரி அக்கா வாசலுக்கு வந்தார். அழுது முடிந்த முகம். "வளையத்தை வெளியில வையுங்கோ தம்பி. உள்ள கொண்டுவர ஓடர் வரேல்லை."

அவர் வளையத்தை வேலியோடு சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நான் என்ன செய்யிறது? எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"ரமீஸாவிட்ட ஒரு பேர் சொன்னீங்களாம்."

"நான் ஒரு பேரும் சொல்லேல்லை. அந்தப் பிள்ளை பிழையாச் சொல்லுது."

ஆகவே அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருவர் கேட்டதாகச் சொல்கிறார், சொன்னவர் மறுக்கிறார். துறையடியில் நின்ற மற்றவர்கள் தூரத்தில் நின்றதாகச் சொல்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். குறைதான் சொல்கிறேன். சத்தம் போட்ட அத்தனை பேரும் விசாரணைக் கந்தோர் வாசலில் எப்படி ஊமையானார்கள்?

மிஞ்சியிருப்பது ரமீஸாவின் வாய் மட்டும். முதல் நாள் விசாரணைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. பட்டணத்துக்கு வந்த அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், வியாபாரி. அண்ணன் முறை சொல்லி, "நானா, நீங்க எழுதுறீங்க, சரி. அவவை இழுக்காதீங்க. நாளைக்கு அவ அந்தப் பாதையிலதானே போகணும், வரணும்?" அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அதை அப்படியே ரமீஸாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் பக்கத்திலிருந்து எதுவும் சேர்க்கவில்லை.

"காக்கா பயத்தில சொல்றார். எனக்கும் பயம்தான்" என்றார். "ஆனா சேர் என்னைக் கேக்கச் சொன்ன. நான் கேட்ட. பேரை அவர் சொன்ன. இப்ப நான் கேக்கவே இல்ல எண்டு ஆக்கப் பாக்கிறாங்க. அது ஏலாது."

தவராசாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது எது என்று யோசித்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்மேல் அவர் வைத்திருந்த இரக்கத்தை என்னால் வைத்திருக்க முடியாது. அது அவரோடு போகட்டும். வலியில் மூச்சு முட்டும்போதுகூட உயிருக்காகக் கெஞ்சாமல், உத்தரவு யாருடையது என்று கேட்கச் சொன்னாரே, அந்த மிடுக்கை வைத்துக்கொள்கிறேன்.

ரமீஸாவின் வாக்குமூலத்தையும் எடுக்கும்படி மகேஸ்வரி அக்கா சட்டத்தரணி மூலம் விண்ணப்பித்திருக்கிறார். எடுப்பதா இல்லையா என்பதை வரும் செவ்வாய்க்கிழமை காலை விசாரணையில் சொல்வதாக அதிகாரி நேற்று என்னிடம் தெரிவித்தார். எடுப்பதென்றால் அன்றே எடுப்பார். செவ்வாய்க்கிழமை பாதை ஓடும் என்று எவரும் உறுதி தரவில்லை. ஆகவே ரமீஸா திங்கட்கிழமை பின்னேரமே இக்கரைக்கு வந்துவிடுகிறார். இரவு மகேஸ்வரி அக்காவின் வீட்டில் தங்குவார்.