முகூர்த்த மாடி

பவளத்தின் வலது கை துண்டை மடித்துக்கொண்டிருந்தது. இடது கை அசையாமல் மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிதான். மற்றவர்கள் எப்படியோ சுருட்டி வைப்பார்கள். பவளம் மட்டும் கரை வெளியே தெரியும்படி, ஜவுளிக்கடை மடிப்பாக மடிப்பார்.

"இடது கையையும் சேர்த்துக்குங்க."

"அது லீவுல கீது சிஸ்டர்."

அவர் கணவர் கிருஷ்ணசாமி இறந்தபோது உத்திரமேரூர் கடைவீதியில் இருந்தது ஒற்றை அறைக் கடை. விற்றுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். பவளம் கல்லாவில் உட்கார்ந்தார். கடை மூன்று மாடியானது. கணவனை இழந்தவள் வெளிர் நிறம்தான் கட்ட வேண்டும் என்றிருந்த ஊரில், அரக்கு நிறப் பட்டு கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முணுமுணுத்த பெண்களே பிறகு மானாம்பதியிலிருந்து பஸ் ஏறி வந்து, "பவளம்மா கட்டினு இருந்தாங்களே, அத எடு" என்றார்கள். கடை வாசல் பொம்மைக்கு முதலில் சுடிதார் மாட்டியதும் அவர்தான். இந்தப் பக்கத்துப் பெண்கள் என்ன உடுத்துவது என்பது பல வருடம் அவர் கண்ணில்தான் முடிவானது.

இரண்டாம் மாடி முகூர்த்தப் பட்டுக்கு. அங்கே விற்பவள் புடவையைத் தன் தோளில் போட்டுக்காட்ட வேண்டும். அங்கே விற்ற செவ்வந்தியின் தோளில் விழுந்த புடவை திரும்ப அலமாரிக்குப் போனதில்லை. அவள் கணவன் லாரி மோதி இறந்தான். காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்றே, ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். பவளம் அவளைத் தரைத்தளத்தில் பிளவுஸ் துணி கிழிக்க அனுப்பினார். சில மாதத்தில் செவ்வந்தி வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

படுக்கையில் விழுந்த பிறகு பவளம் கேட்டது ஒன்றுதான்: செவ்வந்தி திரும்ப அந்த மாடி ஏற வேண்டும். மகன் கார்த்திக்கை அனுப்பி வரவழைத்தார்.

செவ்வந்தி சாத்துக்குடியோடு வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"நாளைக்கே வந்துடு. முகூர்த்த செக்ஷன் உன்னுதுதான்" என்றார் பவளம்.

"முட்டி தேஞ்சிப் போச்சும்மா. மாடி எங்க ஏறுறது?"

"லிப்ட் போட்டுகீதுடி."

"அன்னிக்குக் கூப்ட்டிருந்தா படியிலயே ஓடி வந்திருப்பேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "உங்க கழுத்துலயுந்தான் தாலி இல்ல. கல்லாவுல குந்திக்கினு இருந்தீங்க, உங்க கையில துட்டக் குடுக்க எவளும் மூஞ்சி சுளிக்கல. என் தோளு மட்டும் ஆவாமப் போச்சு."

பவளம் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான் செவ்வந்தி."

"வுடுங்க. வர்ற வழியில கடையில பாத்தேன், கீழ அம்முலு பிளவுஸ் துணி கிழிச்சிக்கினு கீது, தெரியுமா? போன வருசம் அது புருசன் செத்துப் பூட்டான். அதையும் மாடியில இருந்து எறக்கிட்டாங்க."

"யாரு எறக்கினது?"

கார்த்திக் கதவோரம் நின்றிருந்தான். "நீ போட்ட ரூல்தானேம்மா" என்றான்.

செவ்வந்தி சாத்துக்குடியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்று பவளம் கஞ்சியைத் தொடவில்லை. வற்புறுத்தி நான்கு கரண்டி ஊட்டினேன்.

மறுநாள் காலை, அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிவிடச் சொன்னார். சக்கர நாற்காலியோடு கடைக்குப் போய், லிப்டில் இரண்டாம் மாடி ஏறினோம். அம்முலுவை மேலே வரச் சொன்னார். புள்ளலூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் பாயில் உட்கார்ந்திருந்தது. "அந்த மாம்பழக் கலரப் போட்டுக் காட்டு" என்றார். அம்முலு தயங்கித் தயங்கித் தோளில் போட்டாள். கூட்டத்தில் மூத்தவள் அவள் கழுத்தைப் பார்த்தாள், பிறகு பவளத்தைப் பார்த்தாள், எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள்.

"முதல் போணியே போச்சும்மா" என்றான் கார்த்திக்.

"போவட்டும். அடுத்தவங்கள மேல அனுப்பு."

அம்முலு புடவையைத் தோளிலிருந்து எடுக்கப் போனாள். பவளம் வலது கையால் அதன் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.