காத்தாடி ஏறப் போன சனிக்கிழமை

வேனில் இருந்தது டிரைவர் அண்ணாச்சி, அறிவியல் டீச்சர், பத்தாம் வகுப்புப் பையன்கள், அதே வகுப்புப் பெண்பிள்ளைகள், அதில் ஒருத்தி என் மகள். கடைசி சீட்டில் நான்.

எனக்கு அங்கே வேலை இல்லை. பெண்பிள்ளைகள் போவதென்றால் ஒரு அம்மாவாவது கூடப் போக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சங்கரன்கோவிலில் பகல் முழுக்கக் கரண்ட் கட். நான் தறிக்கு நூல் சுற்றுகிறவள். தறி ஓடாது, அதனால் போனேன்.

பசுமைத் தொழில்கள் பற்றி ஒருநாள் பயிற்சி என்று பள்ளிக்கூடத்து நோட்டீஸில் போட்டிருந்தது. மரக்கன்று கொடுப்பார்கள் என்று டிரைவர் அண்ணாச்சி பையெல்லாம் எடுத்து வந்திருந்தார். போய் இறங்கினால் அங்கே ஒரு செடிகூட இல்லை. சுற்றிலும் காற்றாலைகள். நாங்கள் காத்தாடி என்போம். நடுவில் ஒரு பயிற்சிக்கூடம். சோலார் தகடு, கழற்றிப் போட்ட பேட்டரி ஆட்டோ, ஓரமாக ஏணி வைத்த ஒரு இரும்புக் கோபுரம். காத்தாடி ஏறிப் பழகுவதற்கு. நாலு மாடி உயரம் இருக்கும்.

சொல்லிக் கொடுக்க வந்த பெண் வாசுதேவநல்லூர்க்காரி. காத்தாடியில் ரிப்பேர் பார்க்கிறவள்.

அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். "ஏம்மா, இந்தக் காத்தாடி மழைய வெரட்டிருதுன்னு சொல்லுதாவளே, நெசமா?"

"அப்படின்னா மேல நிக்கும்போது நான் எதுக்கு அண்ணாச்சி நனையுதேன்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சோலார் மாட்டுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் காட்டினாள். எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படுகிறதாம். "இன்னைக்குக் கோபுரத்துல ஏறுதவங்களுக்கு லீவுல இங்க நடத்துத கிளாஸ்ல எடம் உண்டு. பீஸ் கெடையாது."

என் மகளுக்கு அதுதான் வேண்டும். வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு. வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கிட்டே நின்று பார்த்தால் தானாகவே பயந்துவிடுவாள் என்றும் நினைத்தேன்.

பையன்கள் ஏறினார்கள். ஒருவன் பாதியில் நின்று, "அக்கா, எறக்கி விடுங்க" என்று அழுதான்.

அடுத்து பெண்பிள்ளைகள். யாரும் நகரவில்லை. என் மகளும் நகரவில்லை.

"பயமாட்டி?" என்று அவளிடம் கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல."

பெல்ட்டைத் தோளிலும் தொடையிலும் மாட்ட வேண்டும். ஷாலோடு மாட்டக் கூடாது, ஏணியில் சிக்கும் என்று வாசுதேவநல்லூர்ப் பெண் சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் ஷால் இரண்டு தோளிலும் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தது. எதிரே பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் ஊக்கைத் தொடுவாள், விடுவாள். டீச்சர் மணி பார்த்தார். "யாரும் ஏறலன்னா கெளம்பலாமா?"

நான் சும்மா இருந்தால் போதும். வேன் கிளம்பிவிடும். மகளைப் பார்த்தேன். அவள் ஏணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுந்து போனேன். இரண்டு ஊக்கையும் கழற்றி, ஷாலை என் தோளில் போட்டுக்கொண்டேன். "வீட்ல அவ்வளவு கத்துனல்லா? ஏறு."

"நீதான வேண்டாம்னு சொன்ன?"

"இப்பவும் அதான் சொல்லுதேன். ஏறு."

பாதியில் இறங்கினவன் கத்தினான். "ஏட்டி, காத்து தூக்கிட்டுப் போயி ராயகிரில போட்டுரும்!"

"நீ மொதல்ல மூக்கத் தொடைலே!"

மற்றப் பையன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் ஏறிவிட்டாள். அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. மேல் தட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"கைய விடாதட்டி!"

"கயிறு இருக்குக்கா. ஆட்டட்டும்" என்றாள் வாசுதேவநல்லூர்ப் பெண்.

பிறகு ஒரு பிள்ளை என் முன்னால் வந்து தோளைக் காட்டி நின்றாள். "அத்தை, இதக் கழட்டி விடுங்க." அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் வரிசையே வந்துவிட்டது. ஊக்கையெல்லாம் என் முந்தானையில் குத்தி, ஷாலையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டேன்.

எல்லாரும் இறங்கின பிறகு, ஷாலை யாரும் திருப்பி வாங்குமுன் டீச்சர் கேட்டார், பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று. தோளில் கிடந்த ஷாலை எண்ணினேன்.

பதினொன்று.